மயிர் முளைத்தவனின் மறதி

சென்ற தவணை விடுமுறையில் மூன்று திரைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கக் கிடைத்தது. மூன்றுக்கும் கதை ஒன்றுதான்: வழுக்கை விழுந்த இளைஞன் ஒருவன் பெண் தேடுகிறான், கிடைக்கவில்லை. கன்னடத்தில் 2017இல் வந்த 'ஒந்து மொட்டெய கதே' முதலாவது. அதைத் தழுவி 2019 நவம்பரில் இந்தியில் வந்த 'உஜ்டா சமன்' இரண்டாவது. அதே மாதத்தில், ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில், இந்தியிலேயே வெளியான 'பாலா' மூன்றாவது. எனக்குக் கன்னடமும் தெரியாது, இந்தியும் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளின் துணையோடுதான் பார்த்தேன். என்றாலும் ஓரிடத்திலேனும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருபத்தேழு வயதிலேயே முன்னந்தலை வெளித்துப்போனவன் நான். ஆகவே இதை எழுதுகிறவன் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழுக்கை ஒரு சின்ன விஷயம். யாரும் அதனால் சாவதில்லை. ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி விலை பேசுகிறார்கள் என்பதை இந்தச் சின்ன விஷயம் காட்டிவிடும். கதை சொல்கிறவர்கள் அதைக் கண்டிருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

முதலில் சொற்கள். மொட்டை என்பது ஒருவன் விரும்பி மழித்துக்கொள்வது. வழுக்கை கேளாமலே வருவது. வட்டமாக ஓரிடத்தில் உதிர்ந்தால் புழுவெட்டு. சொட்டை என்பது இவற்றுள் எதையும் ஏளனமாகச் சொல்லும் சொல். எங்கள் பக்கத்தில் தலைமயிர் என்பது சாதாரணப் பேச்சு, தமிழகத்து நண்பர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். மழித்த தலைக்கும் உதிர்ந்த தலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் சினிமா நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1984இல் 'நூறாவது நாள்' படத்தில் சத்யராஜ் மழித்த தலையோடு வந்து திரையரங்குகளை நடுங்கவைத்தார். 2007இல் 'சிவாஜி'யின் பிற்பகுதியில் ரஜினிகாந்த் 'மொட்டை பாஸ்' ஆனபோது விசில் பறந்தது. ஆனால் இதே ரஜினிகாந்தின் உண்மையான வழுக்கைத் தலையை அவருடைய ரசிகர்கள் பொது மேடைகளில் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். அந்தத் தலையை நேசிக்கவும் செய்கிறார்கள். அதே மனிதர் திரையில் ஒரு பெண்ணைக் காதலிக்க வேண்டுமானால் மட்டும் அடர்ந்த மயிர் வைத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. தலைவனுக்கு வழுக்கை ஆகும், காதலனுக்கு ஆகாது.

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 2009இல் 'நான் கடவுள்' படத்தில் கொடியவனாக வந்த ராஜேந்திரன் பின்னர் 'மொட்டை' ராஜேந்திரன் என்ற பெயரில் நகைச்சுவை நடிகரானார். சண்டைக் கலைஞராக இருந்த காலத்தில், படப்பிடிப்பொன்றில் இரசாயனக் கழிவு கலந்த நீரில் குதித்ததால்தான் மயிர் கொட்டியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு தொழிலாளிக்கு வேலைத்தலத்தில் நேர்ந்த பாதிப்பு அது. நாங்கள் அந்தத் தலையைக் கண்டதும் சிரிக்கப் பழகிவிட்டோம்.

ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேர்ட் மான்னஸ் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே ஆண்களின் படங்களை மயிரோடும், கணினியில் மயிரை நீக்கியும் காட்டியபோது, மயிரற்ற படத்தில் இருந்தவரைப் பார்த்தவர்கள் கூடுதல் உயரமும் வலிமையும் அதிகாரமும் உடையவராக மதித்தார்கள். அழகில் மட்டும் சற்றுக் குறைத்தார்கள், வயதைக் கூட்டினார்கள். மயிர் ஐதாகிக்கொண்டிருக்கும் அரைகுறைத் தலைக்கே ஆகக் குறைந்த மதிப்பு. போகிற மயிரைப் பிடித்து வைத்திருக்கிறவன்தான் பரிதாபத்துக்குரியவனாகத் தெரிகிறான் போலும். ஒரு பக்கத்து மயிரை நீளமாக வளர்த்து மறுபக்கத்துக்கு இழுத்துச் சீவிக்கொண்டு நான் வகுப்பெடுத்த இரண்டு ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன. தைமாதக் காற்றில் சைக்கிள் ஓடி வருகிற ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

இதற்குக் காரணம் கேட்டால் குடாநாட்டில் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் நிலம், கடின நீர், அதனால் மயிர் உதிர்கிறது என்பார்கள். சிலர் தொப்பியைச் சொல்வார்கள், சிலர் ஹெல்மெட்டை. ஆண்களின் வழுக்கைக்கு மருத்துவம் சொல்லும் காரணம் வேறு. ஆண் சுரப்பிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருளுக்கு, பரம்பரையாக இடங்கொடுக்கும் மயிர்வேர்கள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. அந்தப் பரம்பரை தாய், தந்தை இரு பக்கத்தாலும் வருகிறது. அதில் முக்கியமான ஒரு கூறு தாய் வழியாக வருவதால், ஒருவன் தன் எதிர்காலத் தலையை அறிய வாப்பாவை மட்டும் பார்த்தால் போதாது, தாய்மாமனையும் பார்க்க வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இதில் பெரிய பங்கில்லை.

இனி எங்கள் கலியாணச் சந்தைக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. வளர்ந்தது புத்தளத்தில். எனக்குப் பேச்சுக்கால் தொடங்கியதும் அங்கேதான், 2009இல். உம்மா ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்த் தொப்பியோடு படம் எடுப்பித்தார். தொப்பி மார்க்கத்துக்கு மார்க்கம், மறைப்புக்கு மறைப்பு. ஓரிடத்தில் படம் பிடித்துவிட்டது. பிறகு இரண்டு வாரம் ஒரு பதிலும் இல்லை. புரோக்கர் நானா ஒருநாள் வந்து திண்ணையில் இருந்தார்.

"தம்பி குறை நினைக்கக்கூடாது. பிள்ளைக்குப் படம் பிடிச்சதுதான். போன ஜும்ஆவுக்குப் பிள்ளையிட தம்பி பள்ளிக்கு வந்திருக்கிறான். நீங்க ஒளு எடுக்கிறதைப் பார்த்திட்டான்."

ஒளுவில் தலையை நீரால் தடவ வேண்டும். தொப்பியைக் கழற்றாமல் அது முடியாது. இறைவனுக்கு முன் நிற்க ஆயத்தமாகும் வேளையில் நான் பிடிபட்டேன். அன்று அந்தப் பெண் மீது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மணம் பேசப்படுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அவள் பார்க்க விரும்பியதில் பிழை இல்லை, மறைத்தவன் நான்.

இந்த இடத்தில்தான் 'பாலா' என்னைப் பிடித்தது. கான்பூரில் சருமம் வெளுக்கும் பூச்சு விற்கும் நிறுவனமொன்றில் வேலை செய்யும் பாலா, பொய்மயிர் வைத்துக்கொண்டு பரி என்ற அழகியைக் காதலித்து மணந்தும் விடுகிறான். உண்மை தெரிந்ததும் அவள் விலகிப் போகிறாள். வழக்கு நீதிமன்றம் வரை வருகிறது. வேறொரு படமாக இருந்தால் அவளைக் கொடியவளாக்கி, அவனுக்காக எங்களை அழவைத்திருக்கும். அமர் கௌஷிக் அப்படிச் செய்யவில்லை. அழகால் வாழ்கிற பெண்ணுக்கு அழகு வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு, பொய் சொன்னவன் இவன் என்ற நியாயம் படத்தில் நிற்கிறது. படத்தின் தொடக்கத்தையும் மறக்கக்கூடாது. பாடசாலைப் பையனாகப் பாலாவுக்கு அடர்ந்த மயிர். அந்த மயிரோடு அவன் வழுக்கை விழுந்த ஆசிரியரைப் பரிகாசம் செய்கிறான், லத்திகா என்ற மாணவியைக் கறுப்பி என்று கேலி செய்கிறான். வளர்ந்து தலை வெளித்த பின், அவனுக்காக நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர் அதே லத்திகாதான். முடிவில் அவன் அவளை நாடும்போது அவள் அவனை ஏற்பதில்லை. அந்த மறுப்பு படத்துக்கு ஒரு மரியாதையைத் தருகிறது.

ஆனால் அந்த மரியாதையைப் படத்தை எடுத்தவர்களே கெடுத்திருக்கிறார்கள். நிறத்தால் ஒதுக்கப்பட்ட லத்திகாவாக நடிக்க அவர்கள் ஒரு கறுத்த நடிகையைத் தேடவில்லை. பூமி பெட்னேகரின் முகத்துக்குக் கருமை பூசினார்கள். முன்னோட்டம் வெளியான நாளிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம். நிறம் முக்கியமில்லை என்று சொல்லும் படத்தில் கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை. கதாநாயகனின் வழுக்கையும் ஒப்பனைதான். படப்பிடிப்பு முடிந்ததும் ஆயுஷ்மான் குரானா தன் மயிரோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

'ஒந்து மொட்டெய கதே'யில் அந்த வசதி இல்லை. எழுதி இயக்கி நடித்த ராஜ் பி. ஷெட்டிக்கு அது சொந்தத் தலை. கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை, ஆகவே தலைப்பின் பொருள் ஒரு முட்டையின் கதை. மங்களூரில் கன்னடம் கற்பிக்கும் விரிவுரையாளன் ஜனார்த்தனன், 28 வயது, நடிகர் ராஜ்குமாரின் பக்தன். தன் காதலும் ராஜ்குமாரின் படங்களில் வருவது போல இருக்க வேண்டும் என்பது அவன் கனவு. முகநூல் வழியாகப் பழகிய சரளாவை நேரில் சந்திக்கும்போது அவளுடைய பருமன் அவனுக்கு உறுத்துகிறது. தன் தலையைப் பார்த்து மற்றவர்கள் முகம் திருப்பியதை நொந்து கொண்டவன், அதே முகத்தை அவளுக்குக் காட்டுகிறான். அதுவரை அவனுக்காக இரங்கிக்கொண்டிருந்த நாங்கள் அந்த இடத்தில் அவனைப் பார்த்துக் கூசுகிறோம். படத்தின் உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. அவன் வெட்கப்படுவதற்குப் படம் அவகாசம் தருகிறது.

அந்த அவகாசத்தை 'உஜ்டா சமன்' தரவில்லை. உஜ்டா சமன் என்றால் பாழடைந்த தோட்டம். டெல்லியில் இந்தி கற்பிக்கும் சமன் கோலியாக வழுக்கை ஒப்பனையோடு சன்னி சிங் நடித்திருக்கிறார். மாணவர்களின் கேலி, அயலாரின் கேலி, பெண் வீட்டாரின் கேலி என்று படம் நிறையக் கேலி. எங்களையும் சேர்ந்து சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் சிரித்தது பிழை என்று பாடம் நடத்துகிறது. அப்சரா என்ற பருமனான பெண் அங்கே ஓர் ஆறுதல் பரிசாக வருகிறாள். ஒருவனின் குறைக்கு ஒருத்தியின் குறை சரி என்று கணக்குத் தீர்ப்பது மனமாற்றம் ஆகாது. அது பண்டமாற்று, விலைப் பட்டியல் அப்படியே இருக்கிறது.

எங்கள் கலியாணமும் அப்படித்தானே என்று என்னை யாரும் கேட்கலாம். இரண்டாவது தடவை நான் தொப்பியில்லாமல் படம் எடுத்துக் கொடுத்தேன். உம்மா அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதித்தவர்தான் என் மனைவி. "எனக்கு உயரம் காணாதெண்டு மூண்டு இடத்தில சொல்லி அனுப்பினாங்க. நீங்க ஒண்டும் கேக்கேல்லை, நானும் ஒண்டும் கேக்கேல்லை" என்று பின்னர் ஒருநாள் சொன்னார். இதில் பண்டமாற்று எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று எங்கள் இருவராலும் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல கதை ஒன்று செய்ய வேண்டிய வேலை அது.

மூன்று படங்களையும் பார்த்து முடித்தபோது என் மனம் போனது, சிறுவயதில் குர்ஆன் மதரஸாவில் கேட்ட ஒரு கதைக்கு. அபூ ஹுரைரா (ரழி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் ஹதீஸ் அது. வாசகர்கள் அறிந்ததே. பனூ இஸ்ராயீலரில் மூவர்: தோல் வெளுத்த நோயாளி ஒருவர், தலையில் மயிரற்றவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர். மலக்கு ஒருவர் வந்து மூவரிடமும் விருப்பத்தைக் கேட்கிறார். முதலாமவர் நல்ல நிறத்தைக் கேட்கிறார், இரண்டாமவர் அழகிய மயிரைக் கேட்கிறார். இருவரும் சொல்லும் காரணம் ஒன்றே: மக்கள் என்னை வெறுக்கிறார்கள். மூன்றாமவரோ மனிதரைப் பார்ப்பதற்காகப் பார்வையைக் கேட்கிறார். மூவருக்கும் கேட்டது கிடைக்கிறது. ஒட்டகம், மாடு, ஆடு என்று செல்வமும் பெருகுகிறது. பின்னர் அதே மலக்கு, ஒவ்வொருவரிடமும் அவரவருடைய பழைய தோற்றத்தில் ஏழையாக வந்து உதவி கேட்கிறார். முதல் இருவரும் கைவிரிக்கிறார்கள். நீங்களும் ஒருகாலத்தில் இப்படி இருந்தவர்தானே என்று கேட்டால், இது எங்கள் பரம்பரைச் சொத்து என்கிறார்கள். பார்வை பெற்றவர் மட்டும் தன் பழைய நிலையை ஒப்புக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

மதரஸாவில் இதை நன்றி கெட்டவர்களின் கதையாகத்தான் படித்தோம். அது சரியே. இப்போது அதில் வேறொன்றும் தெரிகிறது. மயிர் கேட்டவரின் வேதனையை அந்தக் கதை ஏளனம் செய்யவில்லை. மக்கள் வெறுக்கிறார்கள் என்ற அவருடைய சொல்லை உண்மையென்றே ஏற்று, கேட்டதைக் கொடுக்கிறது. மயிர் வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமன்று. தன் பழைய தலையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றபோது அடையாளம் காண மறுத்ததே குற்றம். நிறமும் மயிரும் அந்தக் கதையில் அடுத்தடுத்து நிற்பதையும் கவனியுங்கள். லத்திகாவும் பாலாவும் அங்கேயே இருக்கிறார்கள்.

அரபியிலும் சொற்கள் வேறுபடுகின்றன. அந்த ஹதீஸில் வருபவர் அக்ரஃ, நோயால் மயிரிழந்தவர். முன்னந்தலை இயல்பாக வெளித்தவரை அஸ்லஃ என்பார்கள். உமர் (ரழி) அப்படிப்பட்டவர். அவர் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டதைக் கண்டவர் ஒருவர், வழுக்கைத் தலையர் என்ற பொருளில் வரும் சொல்லாலேயே அவரைக் குறிப்பிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதைக் கேட்டு எவரும் சிரித்ததாக இல்லை. அங்கே அந்தச் சொல் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இந்த ஹதீஸை அளவுகோலாக வைத்தால் மூன்று படங்களின் தரமும் தெரிந்துவிடும். 'உஜ்டா சமன்' ஒதுக்கப்பட்டவனின் முறைப்பாட்டோடு நின்றுவிடுகிறது. 'பாலா' அவனும் ஒருகாலத்தில் ஒதுக்கியவன்தான் என்பதைக் காட்டிவிட்டுத் தானே ஒப்பனையில் வழுக்குகிறது. 'ஒந்து மொட்டெய கதே' வாசலில் வந்து நிற்பவளை அவன் அடையாளம் காணத் தவறும் கணத்தையே கதையாக்குகிறது. ஆகவே மூன்றில் அதுவே மேலானது. இதற்கு அடுத்த படியையும் இப்போது காண முடிகிறது. 2016இல் வந்த 'மகேஷின்டே பிரதிகாரம்' என்ற மலையாளப் படத்தில் முன்னந்தலை வெளித்த ஃபஹத் ஃபாசில் காதலிக்கிறார், ஏமாறுகிறார், மறுபடியும் காதலிக்கிறார். தலை அங்கே பேசுபொருளாக இல்லை.

இனி நான் பின்போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்ல வேண்டும். 2006இல், பேச்சுக்கால் முறையாகத் தொடங்குமுன், உம்மா ஓரிடத்துப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். எங்களைப் போலவே இடம்பெயர்ந்த குடும்பம். படித்த பிள்ளை. நானும் தூரத்தில் கண்டிருந்தேன். அப்போது எனக்குத் தலைநிறைய மயிர். கண்ணாடிக்கு முன் சீவிக்கொண்டு நின்றபடியே, "நிறம் காணாது, உம்மா" என்றேன். இரண்டே சொல்தான். உம்மா அதற்கு மேல் பேசவில்லை. அந்த இரண்டு சொல்லும் அந்த வீட்டுக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்தன என்று நான் விசாரிக்கவுமில்லை. மூன்று வருடம் கழித்து ஒளு எடுக்கும் இடத்தில் நான் பிடிபட்டு, உலகமே அநியாயம் செய்ததாக நொந்துகொண்ட நாட்களில்கூட அந்தப் பிள்ளை என் நினைவுக்கு வரவில்லை. 'பாலா'வில் லத்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் வந்தாள். பத்தொன்பது வருடம் கழித்து. இதை எழுதுவதால் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே எங்கள் கதைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒதுக்கப்பட்டவனின் கண்ணீரை நிறைய எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அவனே இன்னொருவரை ஒதுக்கிய நாளையும் சேர்த்து எழுதுங்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சில வசனங்களில் சொல்லப்பட்ட கதைக்கு அந்தத் துணிவு இருந்திருக்கிறது.

போன மாதம் என் ராத்தாவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இருபத்தைந்து வயது, கறுகறுவென்று சுருண்ட மயிர். அவனுக்கும் பேச்சுக்கால் நடக்கிறது. கைபேசியில் ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி, "நல்ல பிள்ளைதான் மாமா, ஆனா கொஞ்சம் கட்டை" என்றான். உள்ளே என் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவனுக்கு அந்த இரண்டு சொல்லின் கதையைச் சொன்னேன். முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் தலையைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை எடுத்துத் தன் முன்னந்தலையை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.